தலைகீழாக நட்ட கோபுரம்

வெள்ளிக்கிழமை இரவு சாப்பாட்டு மேசையைத் துடைத்து நான் வான்வெளி வரைபடத்தை விரித்துவிட்டால் எங்கள் வீட்டில் யாரும் அந்தப் பக்கம் வருவதில்லை. மடிக்கணினி, ஏ4 தாளில் அச்சிட்ட வரைபடம், இரண்டு பென்சில், ஓர் அழிப்பான், கூடவே மாங்காய் ஊறுகாய்ப் போத்தலின் மூடி ஒன்று. மூடி எதற்கு என்றால், மகன் பள்ளிக்குக் கொண்டுபோன கவராயம் திரும்பி வரவே இல்லை. ஐந்து லட்சத்துக்கு ஒன்று என்ற அளவில் வரைந்த படத்தில் பத்துக் கடல்மைல் என்பது 3.7 சென்டிமீட்டர். ஒருநாள் எதேச்சையாக இந்த மூடியை அளந்தேன், விட்டம் 7.4, சரியாகப் பத்துக் கடல்மைல் ஆரமுள்ள வட்டம். அன்றிலிருந்து அது சமையலறைக்குத் திரும்பவில்லை.

“நாளைக்குப் பறக்கப் போகிறாயா, பரீட்சை எழுதப் போகிறாயா?” என்பார் கணவர். பதினொரு வருடமாக அதே கேள்வி, அதே சிரிப்பு.

நான் கோலாலம்பூரில், செந்தூலில் இருக்கிறேன். வாரநாள்களில் கணக்கு வழக்கு பார்க்கும் வேலை. சனி ஞாயிறுகளில் காற்று மனம் வைத்தால் பாராகிளைடிங். எஞ்சின் கிடையாது. துணியால் ஆன இறக்கை, அதிலிருந்து தொங்கும் கயிறுகள், கயிறுகளின் முனையில் ஓர் இருக்கை, அதில் நான். ஹேங் கிளைடர்காரர்களுக்கு அலுமினியச் சட்டமும் அதன்கீழ்க் குப்புறப் படுத்துப் பறக்கும் கம்பீரமும் உண்டு. எங்களுக்கு இறக்கையை மடித்து முதுகில் போட்டுக்கொண்டு ரயில் ஏறும் வசதி உண்டு. வெயிலில் சூடான நிலத்திலிருந்து தூணாக எழும் காற்றைத் தெர்மல் என்கிறோம். பருந்து அதில்தான் சிறகடிக்காமல் வட்டமிட்டு ஏறுகிறது. அதைப் பார்த்துத்தான் நாங்களும் ஏறுகிறோம். ஒரு தெர்மலில் ஏறி, சறுக்கி, அடுத்ததைப் பிடித்து, இப்படியே ஊர்விட்டு ஊர் போவதை எக்ஸ்.சி. என்போம், கிராஸ் கன்ட்ரி என்பதன் சுருக்கம்.

ஊர்விட்டு ஊர் போகும்போதுதான் வம்பு தொடங்குகிறது. கீழே சாலை தெரிகிறது, ஆறு தெரிகிறது, செம்பனைத் தோட்டத்தின் ஒவ்வொரு வரிசையும் எண்ணிவிடலாம்போலத் தெரிகிறது. முன்னால் வெறும் வானம். அந்த வெறும் வானத்தில், அனுமதியில்லாமல் தாண்டக்கூடாத சுவர்கள் இருக்கின்றன.

என் அப்பா நில அளவைத் துறையில் சங்கிலி பிடித்தவர். அறுபத்தாறு அடிச் சங்கிலி, அதில் நூறு கண்ணி, எண்பது சங்கிலி சேர்ந்தால் ஒரு மைல். எங்களுக்கு வாய்ப்பாட்டோடு சேர்த்து இதையும் சொல்லிக்கொடுத்தார். தோட்டத்து ஓரத்தில் லாலான் புல்லைக் காலால் விலக்கி, மண்ணைக் கிளறி, புதைந்துபோன எல்லைக்கல்லைச் செருப்பு முனையால் தட்டி, “இதோ, இங்கேதான் இருக்கிறார்” என்பார், ஏதோ ஒளிந்துகொண்ட சொந்தக்காரரைக் கண்டுபிடித்ததுபோல. அவர் இருந்தபோது ஒருமுறை வான்வெளி வரைபடத்தைக் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்துவிட்டு, “கல் எங்கே நட்டிருக்கிறார்கள்?” என்று கேட்டார். விளையாட்டுக்குக் கேட்கவில்லை. கல் இல்லாத எல்லையை இரண்டு தரப்பும் எப்படி ஒப்புக்கொள்கிறார்கள் என்பது அவருக்கு உண்மையான சந்தேகம்.

நில வரைபடம் பழகிய கண் வான்வெளி வரைபடத்தில் முதலில் வழுக்கும் இடமும் அதுதான். வட்டத்தைக் கண்டதும் வேலி என்று நினைத்துவிடுகிறோம். வட்டத்துக்குப் பக்கத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு எண்கள் இருக்கும். கீழே இருப்பது அந்தப் பகுதியின் தரை, மேலே இருப்பது கூரை. படத்தைப் பார்ப்பது என்றால் பாதி வேலை அந்த எண்களைப் படிப்பது. விமான நிலையத்தைச் சுற்றிச் சிறியதாக ஒரு பகுதி நிஜமான நிலத்திலிருந்தே தொடங்கும். அதற்குமேல் அதைவிட அகலமாக இன்னொன்று, ஆனால் அது குறிப்பிட்ட உயரத்துக்கு மேலேதான் தொடங்கும். அதற்கும் மேலே இன்னும் அகலமாக ஒன்று. இறங்கிவரும் விமானம் தொலைவில் உயரமாகவும் கிட்டத்தில் தாழ்வாகவும் இருக்கும், அதனால் இந்த வடிவம். கோயில் கோபுரத்தைப் பிடுங்கி, கலசம் மண்ணில் புதையும்படி தலைகீழாக நட்டால் எப்படி இருக்குமோ அப்படி. எங்களைப் போன்றவர்கள் பறப்பது அந்தக் கோபுரத்தின் சரிவுக்கு அடியில். அதன் தரைதான் எங்களுக்குக் கூரை. எவ்வளவு தள்ளி நிற்கிறோமோ அவ்வளவு உயரம் கிடைக்கும்.

அடிக்கணக்கு பழகாதவர்களுக்கு நான் சொல்லும் அளவுகோல் இது: இரட்டைக் கோபுரத்தின் உச்சி 452 மீட்டர், அதாவது 1,483 அடி. மெர்டேக்கா 118 கட்டடத்தின் ஊசிமுனை 678.9 மீட்டர், 2,227 அடி. பத்துமலை முருகன் 140 அடி, ஆகவே 3,000 அடிக்கு இருபத்தொரு முருகனை ஒருவர்மேல் ஒருவராக நிறுத்தவேண்டும். வருடா வருடம் காவடி எடுக்கும் என் தம்பி இந்தக் கணக்கைக் கேட்டுவிட்டு, சுவாமியை அளவுகோலாக்கிய பாவத்துக்கு 272 படியையும் முழங்காலில் ஏறச் சொன்னான்.

சரி, வெள்ளிக்கிழமை இரவுக்கு வருகிறேன். முதலில் திறப்பது ஏ.ஐ.பி. என்ற தொகுப்பு. ஒவ்வொரு நாடும் தன் வான்வெளியைப் பற்றி அதிகாரபூர்வமாக வெளியிடுவது. இங்கே அதை வெளியிடுவது மலேசிய சிவில் விமானப் போக்குவரத்து ஆணையம். 2018 பிப்ரவரி வரை அது அரசாங்கத் துறையாக இருந்தது. இணையத்தில் காசு கொடுக்காமல் படிக்கலாம். படிப்பதற்கு எழுதப்பட்டதல்ல என்பது இரண்டாவது பக்கத்திலேயே புரிந்துவிடும். ஆனால் அதற்கு ஒரு நல்ல குணம் உண்டு. எந்த நாட்டுத் தொகுப்பைத் திறந்தாலும் ஒரே விஷயம் ஒரே எண்ணில் இருக்கும். இ.என்.ஆர். 5.1 என்றால் தடைசெய்யப்பட்ட பகுதி, கட்டுப்படுத்தப்பட்ட பகுதி, அபாயப் பகுதி. 5.5 என்றால் எங்களைப் போன்ற விளையாட்டுப் பறப்புக்காரர்கள். ஏ.டி. 2.17 என்றால் ஒவ்வொரு விமான நிலையத்தையும் சூழ்ந்திருக்கும் வான்வெளி. தீபகற்பத்துக்குரிய டபிள்யூ.எம். என்ற எழுத்துகளுக்குப் பின்னால் பி வந்தால் போகவே கூடாது, ஆர் வந்தால் நிபந்தனை, டி வந்தால் அபாயம். டி என்ற ஒற்றை எழுத்துக்குப் பின்னால் பீரங்கிப் பயிற்சிகூட நடந்துகொண்டிருக்கலாம்.

இந்தத் தொகுப்பின் திருத்தங்கள் 28 நாளுக்கு ஒருமுறை வரும் தேதிகளில் அமலாகின்றன. வருடத்துக்குப் பதின்மூன்று முறை. போன மாதம் பார்த்தேனே என்று சொல்லமுடியாது. நம் தலைமுறையிலேயே எவ்வளவு மாறிவிட்டது! சுபாங்தான் விமான நிலையம் என்று வளர்ந்தவர்கள் நாம். 1998ல் சிப்பாங் வந்தது. சுங்கை பெசி விமானப்படைத் தளம் 2018ல் மூடப்பட்டது. நிலத்தில் ஒரு விமான நிலையம் இடம் மாறினால் வானத்தில் ஒரு கோபுரமே பெயர்ந்துபோய் வேறிடத்தில் நிற்கிறது.

அடுத்தது நோட்டம். விமானிகளுக்கான அவசர அறிவிப்புக்கு உலகம் முழுவதும் இதுதான் பெயர். ஆங்கிலச் சுருக்கம்தான், ஆனால் தமிழில் எழுதும்போது தானாகவே பொருள் வந்து ஒட்டிக்கொள்கிறது. நோட்டம் பார்க்காமல் கிளம்புகிறவரை என்னவென்று சொல்வது! ஆகஸ்டு மாதம் தேசிய தினத்துக்கான விமான ஒத்திகை, லங்காவியில் வான்காட்சி, எங்கேயோ ராணுவப் பயிற்சி என்று இரண்டு மணிநேரத்துக்கும் இரண்டு வாரத்துக்கும் எழுப்பப்படும் சுவர்கள் எல்லாம் இதில்தான் வரும். எங்களைப் போன்றவர்கள் ஓரிடத்தில் பறக்கிறோம் என்று மற்ற விமானிகளுக்குச் சொல்வதும் இதே வழியில்தான்.

நோட்டத்தில் புதியவர்கள் விழும் குழி நேரம். பி என்ற வரியில் தொடக்கம், சி என்ற வரியில் முடிவு, இரண்டும் பத்து இலக்கம். 2508230100 என்று இருந்தால் 2025 ஆகஸ்ட் 23, 01.00 மணி. அது நள்ளிரவு தாண்டிய ஒரு மணி என்று நினைத்து, “நாம் தூங்கும் நேரம்தானே” என்று நிம்மதியாகக் கிளம்பியவர்கள் இருக்கிறார்கள். அது உலகப் பொது நேரம். எட்டைக் கூட்டினால் சனிக்கிழமை காலை ஒன்பது, நாம் மலையேறிக்கொண்டிருக்கும் நேரம். ஒரு கிளைக்கதை: 1981 டிசம்பர் 31 வரை நமக்கும் அதற்கும் ஏழரை மணிநேர வித்தியாசம். 1982 பிறந்தபோது அரைமணியை விழுங்கிவிட்டு எட்டாக்கினார்கள். அதனால்தான் கோலாலம்பூரில் சூரியன் உச்சிக்கு வருவது பெரும்பாலும் பகல் ஒரு மணிக்கு மேல். பன்னிரண்டு மணிக்கே தெர்மல் எங்கே என்று வானத்தைத் திட்டுகிறவர்கள் 1982ஐத் திட்டலாம்.

இந்த ஒழுங்கெல்லாம் எனக்குப் பிறவியில் வந்ததில்லை. ஆறு வருடத்துக்கு முன்பு நடந்ததைச் சொல்கிறேன். அன்றைய எண்ணை எழுதுவேன், மலையின் பெயரை எழுதமாட்டேன். இரண்டையும் சேர்த்து எழுதினால், என்றைக்கோ ஒருவர் இதைப் படித்துவிட்டு அந்த எண்ணை நம்பி ஏறுவார். அதற்குள் அது எத்தனை முறை மாறியிருக்குமோ.

அன்றைக்குக் கூரை 3,000 அடி, கடல்மட்டத்திலிருந்து. மலையில் எல்லோரையும் நிற்கவைத்து எங்கள் குழுவின் மூத்தவர் அதை இரண்டுமுறை சொன்னார். ஓய்வுபெற்ற ஆசிரியர் அவர். நாங்கள் எல்லோரும் பெரியண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். எனக்கு 3,000 அடி என்றால் 914 மீட்டர் என்பதும் தெரியும், ஏனென்றால் என் வேரியோ மீட்டரில் காட்டும். வேரியோ என்பது ஏறுகிறோமா இறங்குகிறோமா என்று கூவிச் சொல்லும் கருவி. திரையில் உயரமும் வரும். 914 என்று மனப்பாடம் செய்துகொண்டுதான் ஓடிப் புறப்பட்டேன். அதற்கு முந்தைய வாரம் வாங்கிய புதுக் கருவி அது.

ஒன்றரை மணிக்கு ஒரு தெர்மல் கிடைத்தது. செம்பனை ஆலையின் வெளிமுற்றத்துக்கு மேலே, விநாடிக்கு மூன்று மீட்டர், வழுவழுப்பாக, அப்படி ஒன்று நம் ஊரில் அடிக்கடி கிடைக்காது. ஒரு பிராமணிப் பருந்து என் இடது இறக்கை நுனிக்குப் பக்கத்தில் கழுத்தைத் திருப்பி என்னைப் பார்த்தது. திரையில் பெரிய எழுத்தில் 600, 650, 700. இன்னும் இருநூறு மீட்டர் இருக்கிறதே என்ற தைரியத்தில் பாட்டுப் பாடினேன். உண்மையாகவே பாடினேன். 740 வந்ததும் மேகத்தின் அடி சற்று இருட்டாகத் தெரிந்தது, விட்டுவிட்டுக் கிளம்பினேன். பதினாறு கிலோமீட்டர் பறந்து ஒரு பள்ளித் திடலில் இறங்கினேன். அதுவரை என் வாழ்நாளின் நீண்ட பறப்பு.

மாலையில் சாப்பாட்டுக் கடையில் பெரியண்ணன் எல்லோருடைய பறப்புப் பதிவையும் மடிக்கணினியில் ஏற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னுடையது வந்ததும் தே தாரிக் குவளையைக் கீழே வைத்தார்.

“தங்கச்சி, 970 என்று காட்டுகிறதே.”

“இல்லை அண்ணே, 740தான். நான் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன்.”

அவர் என் கருவியை வாங்கித் திருப்பிப் பார்த்தார். பெரிய எழுத்தில் காட்டிய எண்ணுக்குமேல், அரிசிமணி அளவு எழுத்தில், புறப்பட்ட இடத்திலிருந்து உயரம் என்று போட்டிருந்தது. கருவி கடையிலிருந்து வந்தபோதே அப்படித்தான் அமைத்திருந்தார்கள். கடல்மட்டத்திலிருந்து எவ்வளவு என்பது அடுத்த திரையில் இருந்தது. நான் அந்தத் திரைக்குப் போகவே இல்லை. புறப்பட்ட இடத்தின் உயரம் 230 மீட்டர். இறக்கையைச் சுமந்துகொண்டு மூச்சு வாங்க ஏறிய மலை அது. அதைக் கூட்ட மறந்துவிட்டேன். 740ம் 230ம் 970. கூரைக்கு மேலே 56 மீட்டர், 180 அடிச் சொச்சம். பதிவில் பார்த்தால் நான்கு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு.

அந்த நான்கு நிமிடத்தில் அந்தப் பக்கம் யாரும் வரவில்லை. வந்திருந்தால் மணிக்கு 400 கிலோமீட்டர் வேகத்தில் வந்திருப்பார்கள், அதாவது கிலோமீட்டருக்கு ஒன்பது விநாடி. என்னிடம் இருப்பது துணியும் நூலும். நான் இருப்பதை அவர்களுக்குச் சொல்லும் கருவி எதுவும் இல்லை. அந்த உயரத்துக்கு மேலே யாரும் இல்லை என்ற உறுதியில்தான் அவர்களுக்கு வழி விட்டிருப்பார்கள்.

பெரியண்ணன் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “யாரும் கேட்பதற்கு முன்னால் நீங்களே எழுதிக் கொடுத்துவிடுங்கள்” என்று மட்டும் சொன்னார். அன்றைய பறப்புக்கு அனுமதி வாங்கியிருந்தவர்களுக்கு அன்றிரவே எழுதினேன்: எந்த இடம், எத்தனை மணி, எவ்வளவு உயரம், ஏன். ஏன் என்ற பகுதிக்குத்தான் நேரம் பிடித்தது. நான்கு வாரம் பறக்கவேண்டாம் என்று குழுவில் முடிவானது. என் பதினாறு கிலோமீட்டரை எங்கள் பட்டியலிலிருந்து நானே அழித்தேன். அழிக்கும்போது வலித்தது, மறைப்பதில் அர்த்தமில்லை.

அன்று முதல் நான் எண்ணை மனப்பாடம் செய்வதில்லை. வெள்ளிக்கிழமை இரவே என் கருவி காட்டும் அலகில், என் கருவி காட்டும் திரைக்கேற்ப, கழிக்கவேண்டியதைக் கழித்து, காகித நாடாவில் எழுதி வேரியோவின் நெற்றியில் ஒட்டிவிடுகிறேன். 3,000 அடிக் கூரை என்றால், கடல்மட்ட உயரம் காட்டும் திரைக்கு, நாடாவில் 820. முந்நூறு அடி போல எனக்கு நானே விட்டுக்கொள்ளும் இடைவெளி. இதைச் சிலர் அதிகப் பயம் என்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்க்கட்டும். விநாடிக்கு மூன்று மீட்டர் ஏறும் தெர்மலில் 90 மீட்டர் என்பது அரை நிமிடம். இறங்கவேண்டும் என்று நினைத்த மாத்திரத்தில் இறங்கிவிட முடியாது. இறக்கையின் இரண்டு காதுகளையும், அதாவது நுனிகளையும், மடக்கினால் விநாடிக்கு இரண்டு மூன்று மீட்டர் இறங்கலாம், அமைதியான காற்றில். விநாடிக்கு நான்கு மீட்டர் ஏறும் காற்றில் காதை மடக்கிக்கொண்டும் ஏறிக்கொண்டே இருப்போம். ஏறும் காற்றைவிட்டு வெளியே போகத்தான் வேண்டும், அதற்கும் இடம் வேண்டும்.

அதோடு, மேலே இருக்கும்போது நம் புத்தி நம்முடையது இல்லை. தெர்மலில் சுற்றிக்கொண்டிருக்கும் ஆளிடம் போய் இன்னும் கொஞ்சம் ஏறலாமா என்று கேட்டால் என்ன சொல்வான்? கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்தவரிடம் சர்க்கரை வியாதி பற்றிக் கேட்பதுபோல்தான். முடிவை வீட்டு மேசையில், வயிறு நிறைந்து, காற்றில்லாத இடத்தில் எடுத்துவிடவேண்டும். மேலே போனால் எழுதியதைப் படித்தால் போதும்.

கூரையைவிடச் சுவர் பொல்லாதது என்று நினைக்கிறவர்களும் உண்டு, அதிலும் நியாயம் இருக்கிறது. தெர்மலில் சுற்றும்போது ஒரே இடத்தில் இருப்பதுபோல ஒரு மயக்கம். உண்மையில் காற்று நம்மையும் தெர்மலையும் சேர்த்தே கொண்டுபோகிறது. மணிக்கு 20 கிலோமீட்டர் காற்றில் பத்து நிமிடம் சுற்றினால் மூன்று கிலோமீட்டருக்கு மேல் தள்ளிப் போய்விடுவோம், ஓர் அடிகூட எங்கும் போக நினைக்காமல். திரும்பி எதிர்காற்றில் வரவேண்டுமானால், மணிக்கு 37 கிலோமீட்டர் வேகமுள்ள என் இறக்கைக்கு மிஞ்சுவது 17.

கோலாலம்பூர்க்காரர்களுக்குப் பக்கத்தில் இருக்கும் ஜுக்ராவையே பாருங்கள். பந்திங்கைத் தாண்டி, சுல்தான் அப்துல் சமாட்டின் கல்லறை இருக்கும் பழைய அரச ஊர். மலைமேல் நின்றால் ஒரு பக்கம் லங்காட் ஆறு வளைந்து வளைந்து கடலுக்குப் போகிறது, மறுபக்கம் கண்ணுக்கெட்டியவரை செம்பனை. பகலில் மலாக்கா நீரிணையிலிருந்து கடல்காற்று கிளம்பி உள்நாட்டை நோக்கி அடிக்கும். புதிதாக வருகிறவர் அந்தக் காற்றோடு போனால் எவ்வளவு தூரம் போகலாம் என்று கண்கள் மின்னக் கேட்பார். நான் ஊறுகாய் மூடியை எடுத்துக் காட்டுவேன். காற்று போகும் அந்தக் கிழக்குப் பக்கத்தில், சுமார் 30 கிலோமீட்டரில், சிப்பாங் விமான நிலையம் மூன்று ஓடுபாதைகளோடு உட்கார்ந்திருக்கிறது. ஜுக்ராவில் என் பறப்புகளில் பெரும்பாலானவை மலை முகட்டோடு போய் வந்து அடிவாரத்தில் இறங்கியவைதான். அதில் எனக்கு வருத்தம் இல்லை. நெடும்பறப்புக்கு வருடம் ஒருமுறை விடுப்பெடுத்து இமாச்சலத்தில் இருக்கும் பீர் பில்லிங்குக்குப் போகிறேன். அங்கேயும் வெள்ளிக்கிழமை வேலையைச் செய்யாமல் விடுவதில்லை; ஊறுகாய் மூடியும் பெட்டியில் வரும்.

பட்டர்வொர்த்தில் இருக்கும் என் ஒன்றுவிட்ட அண்ணன் ஒவ்வொரு தீபாவளிக்கும் ஒரே கேள்வி கேட்பார். பினாங்குக் கொடிமலை 833 மீட்டர் உயரம், கடல் பக்கத்திலேயே இருக்கிறது, அங்கிருந்து ஏன் குதிக்கக்கூடாது? போன வருடம் முறுக்குத் தட்டை நகர்த்திவிட்டுப் படத்தை விரித்தேன். தீவின் தென்கிழக்கில் பாயான் லெப்பாஸ் விமான நிலையம். நீரிணைக்கு இந்தப் பக்கம், அவர் வீட்டுக்கு அருகிலேயே, ஐந்து நாட்டுப் பாதுகாப்பு ஏற்பாட்டின் பயிற்சிகளுக்கு அயல்நாட்டு விமானங்கள் வந்திறங்கும் பட்டர்வொர்த் விமானப்படைத் தளம். கொடிமலைக்கு இரண்டுமே பக்கம். அவர் சற்று நேரம் பார்த்தார். “நம் வீட்டு மொட்டைமாடிக்கு மேலேயும் கோடு போகிறதே, மாவிளக்கு வைக்கவும் அனுமதி வாங்கவேண்டுமா?” என்றார்.

இப்போதெல்லாம் யார் தாளில் பார்க்கிறார்கள் என்று இளையவர்கள் கேட்கிறார்கள். நானும் எக்ஸ்சிடிராக் செயலியைத்தான் பறக்கும்போது பார்க்கிறேன். சுவர் நெருங்கினால் நிறம் மாறும், கூவும். அருமையான சாதனம். ஆனால் அதற்குள் இருப்பது யாரோ தட்டச்சு செய்த ஓர் எழுத்துக் கோப்பு. ஓப்பன்ஏர் என்பது அந்தக் கோப்பு வடிவத்தின் பெயர். சாதாரண நோட்பேடில் திறந்துவிடலாம். நான் திறந்து பார்ப்பேன். ஏ.சி. என்று தொடங்கும் வரி பகுதியின் வகை, ஏ.என். அதன் பெயர், ஏ.எல். தரை, ஏ.எச். கூரை, அதன்பின் டி.பி. டி.பி. என்று ஒவ்வொரு மூலைக்கும் ஒரு வரி. அந்த டி.பி. வரிகளைப் பார்க்கும்போதெல்லாம் அப்பா நினைவு வரும். அவர் கேட்ட கற்கள் இவைதான். நட்சத்திரக் குறியோடு தொடங்கும் வரிகளைச் செயலி படிக்காது, மனிதர் படிக்கவேண்டும். கோப்பு எப்போது தயாரானது என்பது பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். ஒருமுறை ஒரு தம்பியின் கைப்பேசியில் நட்சத்திர வரியைத் திறந்து காட்டினேன். இரண்டு வருடப் பழைய தேதி. “ஆனால் அக்கா, எதுவுமே சிவப்பாக இல்லையே” என்றான். கோப்பில் இல்லாத சுவர் எந்த நிறத்தில் தெரியும்?

பறக்கும் விமானங்களைத் திரையில் காட்டும் பிளைட்ரேடார்24ஐ வைத்துக்கொண்டு இந்தப் பக்கம் விமானமே வருவதில்லை என்று வாதாடுகிறவர்களும் இருக்கிறார்கள். இதுவரை லாரி வராத சந்தி என்பதற்காகச் சிவப்பு விளக்கில் போவார்களா? ராணுவ விமானங்கள் பல அதில் தெரிவதே இல்லை. மேலே பேச ஒன்றுமில்லை.

அழுத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை, இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை என்பதால். சில பகுதிகளின் தரை அடியில் இல்லாமல் எஃப்.எல். 55 என்பதுபோல எழுதப்பட்டிருக்கும். அது கடல்மட்டக் காற்றழுத்தம் 1013.25 ஹெக்டோபாஸ்கல் என்று வைத்துக்கொண்டு, நூறு நூறு அடியாக எண்ணிச் சொல்லும் உயரம். நம் ஊரில் கடல்மட்ட அழுத்தம் பெரும்பாலும் அதைவிடக் கொஞ்சம் குறைவு, 1009, 1010 என்று இருக்கும். ஓர் அலகுக்குச் சுமார் 28 அடி. 1009 உள்ள நாளில் எஃப்.எல். 55 என்பது 5,500 அடியில் இல்லை, அதற்கு நூறு அடிக்கு மேல் கீழே இறங்கி நிற்கிறது. அதாவது நாம் நினைத்ததைவிடக் கூரை தாழ்வு. போதாக்குறைக்கு வெப்பமண்டலத்தில் அழுத்தம் நாளுக்கு இரண்டுமுறை ஏறி இறங்கும். காலை பத்து மணிவாக்கில் உச்சம், மாலை நான்கு மணிவாக்கில் பள்ளம். காலையில் சரிசெய்த கருவி மாலையில் இருபது முப்பது மீட்டர் வேறு கதை சொல்லும். ஜி.பி.எஸ். உயரம் தனிக் கதை. நம் காற்று சூடானது என்பதால் அது பெரும்பாலும் அழுத்தமானி காட்டுவதைவிட அதிகமாகக் காட்டும். இரண்டில் எது உயரமாகக் காட்டுகிறதோ அதை நம்புவது என் வழக்கம். கணக்காளர் புத்தி, செலவை எப்போதும் கூட்டியே எழுதுவோம்.

சென்ற மாதம் அதே மலை. பெயர் சொல்லாத அந்த மலை. எல்லோரும் இறக்கையை விரித்து, கயிறுகளைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தோம். அந்தப் பழைய கோப்புத் தம்பி என்னிடம் வந்து வேரியோவை நீட்டினான். நெற்றியில் காகித நாடா. அதில் அழகான எழுத்தில் 2,700.

“போட்டுவிட்டேன் அக்கா. முந்நூறும் கழித்துவிட்டேன்.”

“2,700 என்ன? அடியா, வாழைப்பழமா?”

“அடிதான்.”

“உன் திரை எதில் காட்டுகிறது?”

அவன் திரையைப் பார்த்தான். பொத்தானை அமுக்கி அடுத்த திரைக்குப் போனான், திரும்பி வந்தான். ஒன்றும் பேசாமல் நாடாவை உரித்துக் கால்சட்டையில் ஒட்டிக்கொண்டு, கைப்பேசியில் வகுத்துப் பார்த்தான். புது நாடா கிழிக்க என் பையில்தான் கைவிட்டான். 820 என்று எழுதி, யோசித்து, பக்கத்தில் மீ என்று சேர்த்து, அதன் கீழே சின்னதாகக் கடல்மட்டம் என்றும் எழுதினான். இடம் போதாமல் டம் அடுத்த வரிக்குப் போயிற்று.

காற்றுமானித் துணி லேசாக நிமிர்ந்தது. பெரியண்ணன் கையைத் தூக்கினார்.